அண்ணியின் பழைய ரத்தம்

ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கு நான் நலம். உங்கள் நலம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

"இனிமே உன் குரலே என் காதுல விழக் கூடாது" என்று சொல்லி நீங்கள் போனை வைத்து இன்றோடு ஐந்து நாள். நானும் நான்கு தடவை போனை எடுத்து, நான்கு தடவையும் வைத்துவிட்டேன். குரல்தானே கேட்கக் கூடாது, கையெழுத்தைப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று இன்று காலை பல் தேய்க்கும்போது தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன். விடுதியில் பிராணி கூடாது என்று வார்டன் சொன்னதும் மேனேஜரைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்து உங்கள் வாசலில் இறக்கியவள் நான்தான். "பூனையா? இந்த வீட்டுலயா?" என்று நீங்கள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. "ரெண்டே மாசம் அண்ணி, வேற இடம் பாத்துடுவேன்" என்றேன். இரண்டு மாதம் இரண்டு வருடம் ஆயிற்று. ஒரு வேலையும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் முறைக்கிறான் என்று அண்ணன் அவனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தபோது நீங்களும்தான் சிரித்தீர்கள்.

அதிலும் நான் யார்? ஊரார் ரத்தத்தில் ஒட்டுண்ணிக்கான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்தே சம்பளம் வாங்குகிறவள். பூனை வயிற்றில் டாக்ஸோ என்ற ஒட்டுண்ணி வளரலாம், அதன் கழிவிலிருந்து மண்ணுக்கும் கைக்கும் வரலாம், கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள். சொந்த அண்ணிக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். ஏழு வருடம் காத்திருந்து, இரண்டு கருவை இழந்து, இப்போது உங்களுக்குப் பதினோரு வாரம். அதற்குள் உங்கள் ரத்தத்தில் டாக்ஸோ ஆன்டிபாடி பாஸிட்டிவ் என்று ஒரு தாள். நீங்கள் என்னைத் திட்டியது போதாது அண்ணி.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தத் தாள் "தொற்று இருந்திருக்கிறது" என்று மட்டும்தான் சொல்கிறது. எப்போது என்று சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு சோதனை இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் செய்கிறோம். உங்கள் ஊரில் இல்லை. பதினாறு வாரத்துக்குள் எடுத்த ரத்தமாக இருந்தால்தான் முடிவு தெளிவாக இருக்கும். ஒரு சிறு குழாய் ரத்தம் அனுப்புங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்
ஊசி

*

ஜூன் 8

ஊசிக்கு,

உன் கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை என்ற உன் வக்கீல் வாதம் எனக்கும் செல்லுமாகையால் எழுதுகிறேன்.

நான் நலமாக இல்லை. வாந்தி நின்றுவிட்டது, பயம் நிற்கவில்லை. டாக்டரம்மா ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். பதினெட்டாவது வாரத்தில் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்துக் குழந்தைக்குத் தொற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். "அதுல ஆபத்து இருக்கா டாக்டர்?" என்று கேட்டேன். "ரொம்பக் கம்மிதாம்மா" என்றார். எனக்கு நடந்த இரண்டும் ரொம்பக் கம்மி பேருக்குத்தான் நடக்கும் என்று சொன்னவையே. அதை அவரிடம் சொல்லவில்லை. உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

உன் பூனையை அன்றைக்கே வீட்டை விட்டு அனுப்பியாயிற்று. எங்கே என்றால் உன் அண்ணனுடைய மரப்பட்டறைக்கு. தெருவில் விடச் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பட்டறையில் வைத்துப் பால் ஊற்றுகிறார். மாலையில் வாசலில் நின்று சட்டை பேன்ட்டெல்லாம் தட்டிவிட்டு உள்ளே வருகிறார், மரத்தூளாம். மரத்தூளுக்கு எப்போது வெள்ளை மயிர் முளைத்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் அண்ணனும் தங்கையும்.

ரத்தம் அனுப்ப மாட்டேன். புதிய தொற்று என்று உன் சோதனை சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? இப்போது பாதி நம்பிக்கையாவது இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு காலையில் எழுந்து பண்ணைக்குப் போய் நாற்றுக்குத் தண்ணீர் விடுகிறேன். இன்னொரு கெட்ட சேதி கேட்க எனக்குத் தெம்பில்லை.

நீ மன்னிப்புக் கேட்டது சரி. கொடுப்பதற்கு இப்போது என்னிடம் இல்லை.

இப்படிக்கு
உன் அண்ணனின் மனைவி

*

ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

"உன் அண்ணனின் மனைவி" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். என் அறைத்தோழி அதைப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணனுக்கு ரெண்டாவது கல்யாணமாடி?" என்று கேட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இதை ஆய்வகத்தில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். உங்களை வற்புறுத்தப் போவதில்லை. அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் தெரியாததைப் பார்த்துத்தான் பயம் பெரிதாகும்.

ஒட்டுண்ணி உள்ளே வந்ததும் அதை எதிர்க்க உடம்பு இரண்டு வகை ஆன்டிபாடியைத் தயார் செய்யும். முதலில் வருவது அவசரத்துக்கு வருகிற ரகம். கொஞ்ச நாளில் வேலை முடிந்து போய்விட வேண்டும். அடுத்து வருவது ஆயுள் முழுக்கக் காவல் இருக்கிற ரகம். உங்கள் தாளில் இரண்டுமே பாஸிட்டிவ். முதல் ரகம் இருப்பதால்தான் புதிய தொற்றோ என்று டாக்டரம்மா பயப்படுகிறார். பயப்பட வேண்டியதுதான். ஆனால் சிலருக்கு அந்த முதல் ரகம், விசேஷம் முடிந்தும் கிளம்பாத சொந்தக்காரர் மாதிரி, வருடக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இங்கே மாதத்தில் இரண்டு மூன்று பேரிடம் பார்க்கிறோம்.

நான் சொன்ன சோதனை இரண்டாவது ரகத்தின் பிடியைப் பார்ப்பது. ஒரு தட்டில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அடியில் ஒட்டுண்ணியின் புரதத்தை ஒட்டியிருப்பார்கள். உங்கள் ரத்தத்தின் தெளிந்த நீரை அதில் விட்டால் ஆன்டிபாடி போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு யூரியாக் கரைசல் ஊற்றிக் கழுவுவோம். ஆமாம், நீங்கள் பண்ணையில் செடிக்குப் போடுகிற அதே யூரியாதான், சுத்தம் செய்தது. புதிதாக வந்த ஆன்டிபாடிக்குப் பிடி போதாது, கழுவினால் போய்விடும். பல மாதம் பழகியது என்ன கழுவினாலும் விடாது. எவ்வளவு நின்றது என்று பார்த்துப் பழையதா புதியதா என்று சொல்லிவிடலாம். பழையது என்றால் குழந்தைக்குப் பயமில்லை. தாய்க்கு முன்பே வந்து போனது வயிற்றிலிருக்கும் பிள்ளையைத் தொடாது.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. மேனேஜர் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவன், எலிகூடப் பிடிக்கத் தெரியாத சோம்பேறி. நீங்களோ அவனை ஒரு நாள்கூடத் தொட்டதில்லை. பூனையின் நிழல் பட்டாலே குளிக்கிற ஆள் என்று உங்களைப் பற்றி நானே ஒரு தடவை எழுதியிருக்கிறேன்

எங்கே எழுதினேன்?

அண்ணி, இங்கே நிறுத்துகிறேன். ஒரு கோப்பைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 15

நேற்று பாதியில் விட்டதைத் தொடர்கிறேன். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு நீங்களும் அண்ணனும் இங்கே வந்து ஒரு வாரம் தங்கினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "சர்க்கரை இருக்கான்னு பாத்துடலாம் அண்ணி, நானே எடுக்கறேன், வலிக்காது" என்று உங்கள் கையில் ரத்தம் எடுத்தேன். சர்க்கரையும் பார்த்தேன். ஆனால் உண்மையான காரணம் வேறு. அந்த வாரம்தான் எங்களுக்கு டாக்ஸோ சோதனைக்கான கிட் புதிதாக ஒரு பெட்டி வந்திருந்தது. புது கிட் வந்தால் கட்டாயம் பாஸிட்டிவ் என்று தெரிந்த ரத்தம் ஒன்றும், கட்டாயம் நெகட்டிவ் என்று தெரிந்த ரத்தம் ஒன்றும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். நெகட்டிவுக்கு யாரை வைக்கலாம் என்று யோசித்தேன். பூனை என்றால் பத்தடி தள்ளி நிற்கிற என் அண்ணியை விட்டால் உலகத்தில் வேறு யார் என்று, உங்களைக் கேட்காமல், உங்கள் ரத்தத்தை "வீட்டார் 2" என்று எழுதித் தட்டில் விட்டேன்.

குழி மஞ்சளாயிற்று. மஞ்சள் என்றால் பாஸிட்டிவ்.

மறுபடி போட்டேன். மறுபடியும் பாஸிட்டிவ். நான் என்ன செய்தேன் தெரியுமா? கிட் கெட்டுப்போனது என்று முடிவு கட்டினேன். கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு புகார் எழுதினேன். அந்த நகலைத்தான் நேற்று கோப்பில் தேடி எடுத்தேன். அப்படியே எழுதுகிறேன்: "இந்த ரத்தத்துக்கு உரியவர் பூனையின் நிழல் பட்டாலே குளிக்கும் வழக்கமுடையவர். அவருக்கு பாஸிட்டிவ் காட்டும் கிட்டை எங்கள் ஆய்வகம் ஏற்பதற்கில்லை." கீழே என் கையெழுத்து, முத்திரை எல்லாம். கம்பெனிக்காரர்கள் பதில் எழுதவில்லை. பேசாமல் வேறு பெட்டி அனுப்பினார்கள். எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்திருப்பார்கள்.

அண்ணி, மேனேஜர் அப்போது பிறக்கவே இல்லை.

கிட் கெடவில்லை. எனக்கு உங்களைத் தெரியும் என்ற திமிரில் கண்ணெதிரே மஞ்சளாக நின்ற முடிவை நான்தான் நம்பவில்லை. அன்றே "அண்ணி, உங்களுக்கு எப்போதோ டாக்ஸோ வந்து போயிருக்கிறது, இனிக் கவலையில்லை" என்று சொல்லியிருந்தால் இந்தப் பதினெட்டு நாள் நீங்கள் இப்படித் தவித்திருக்க வேண்டாம். பூனையைக் கொண்டுவந்ததற்குக் கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இதற்குக் கேட்கிறேன்.

இன்னும் கேளுங்கள். புகார் முடியாத ரத்த மாதிரியைத் தூக்கிப் போடக் கூடாது என்பது எங்கள் தலைமை டாக்டரின் சட்டம். கம்பெனி பதிலே எழுதாததால் அந்தப் புகார் இன்றுவரை முடியவில்லை. ஃப்ரீசரின் கடைசித் தட்டில் பனிக்கட்டியைச் சுரண்டி எடுத்தேன். "வீட்டார் 2" அப்படியே இருக்கிறது. சுண்டுவிரல் நகத்தளவு குப்பி. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். "பனி உருகுதும்மா, உள்ள வை" என்று தலைமை டாக்டர் அதட்டினார்.

அதை நான் இன்னும் சோதிக்கவில்லை. போன தடவை கேட்காமல் செய்தேன். இந்தத் தடவை நீங்கள் சரி என்று சொன்னால்தான் செய்வேன். புது ரத்தமும் வேண்டும். பழையதையும் புதியதையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்துக் குழியில் வைத்துப் பார்த்தால்தான் யாரும் மறுக்க முடியாது. நான் செய்வதை நானே நம்பப் போவதில்லை. தலைமை டாக்டரும் தனியாக ஒரு தடவை செய்வார்.

கேட்டுவிட்டேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள்
ஊசி

*

ஜூன் 20

ஊசிக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. என் ரத்தத்தை என்னிடம் கேட்காமல், சர்க்கரை என்று பொய் சொல்லி! கல்யாணமாகி வந்த புதிதில் ஒல்லியாக இருக்கிறாய், சுருக்கென்று பேசுகிறாய் என்று உனக்கு ஊசி என்று பெயர் வைத்தேன். எனக்கே குத்துவாய் என்று நினைக்கவில்லை.

மூன்றாவது தடவை படித்தபோது கோபம் இருந்த இடத்தில் வேறு என்னவோ இருந்தது. அதற்குப் பெயர் வைக்க எனக்குப் பயம்.

உன் அண்ணன் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலை வண்டிக்கு வருகிறார். பனிப்பெட்டியில் இரண்டு குழாய் இருக்கிறது. டாக்டரம்மாவிடம் எடுத்தது, சீட்டும் வைத்திருக்கிறேன். பழையதையும் செய்துகொள், நான் சம்மதிக்கிறேன். உனக்குச் சட்டப்படி வேண்டுமென்றால் இதுவே என் கையெழுத்து.

இரண்டு நிபந்தனை. முடிவு எதுவானாலும் எழுத்தில் வேண்டும். போனில் யாராவது மூச்சு இழுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தால் எனக்கு உயிரே போய்விடும். போன இரண்டு முறையும் அப்படித்தான் சொன்னார்கள். அடுத்தது, பூசி மெழுகாதே. முதல் வரியிலேயே சொல்லிவிடு.

உன் அண்ணனுக்கு அங்கே காபி வாங்கிக் கொடு. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணி

*

ஜூன் 23

அன்புள்ள அண்ணி,

பழைய தொற்றுதான். குழந்தைக்கு ஒன்றும் இல்லை.

இன்னொரு தடவை எழுதுகிறேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. இப்போது உட்கார்ந்துகொண்டு மீதியைப் படியுங்கள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய உங்கள் ரத்தம் பாஸிட்டிவ். இப்போதையதும் பாஸிட்டிவ். பக்கத்துப் பக்கத்துக் குழியில் இரண்டும் ஒரே மஞ்சள், எது பழையது எது புதியது என்று எழுதி வைக்காவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது. புது ரத்தத்தை யூரியா ஊற்றிக் கழுவினோம். நூற்றுக்கு எழுபத்தெட்டு பங்கு அசையாமல் நின்றது. எங்கள் கிட்டுக்கு அறுபதைத் தாண்டினாலே பழையது. நான் தட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைமை டாக்டர் தனியாகச் செய்து பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்க அண்ணியோட ஆன்டிபாடி உங்க அண்ணி மாதிரியே பிடிவாதம் போலிருக்கே" என்றார். உங்களைப் பற்றி அவ்வளவு சொல்லியிருக்கிறேன்.

அந்த அவசர ரகம் மூன்று வருடத்துக்கு முந்தைய ரத்தத்திலும் இலேசாக இருக்கிறது. கிளம்பாத சொந்தக்காரர்தான், நான் சொன்னேனே. உங்கள் டாக்டரம்மாவுக்குத் தனித் தாள் இணைத்திருக்கிறோம். தலைமை டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வயிற்றில் ஊசி தேவைப்படாது என்று நினைக்கிறோம், ஆனால் அதை உங்கள் டாக்டரம்மா வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையையும் அவர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

இந்தக் கடிதத்தை அண்ணனிடமே கொடுத்தனுப்புகிறேன். தபாலைவிட அவர் சீக்கிரம் வருவார். முடிவை அவரிடம் சொல்லவில்லை. வராந்தா பெஞ்சில் பனிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். "என்னடி ஆச்சு?" என்றார். "உறைக்குள்ள இருக்கு, அண்ணிதான் பிரிக்கணும்" என்றேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் முகத்தில் ஒரு விஷயம் அரை நிமிடம் தங்காது. தெருமுனையில் வரும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். எழுத்தில் வேண்டும் என்றீர்கள், அதனால் எழுத்தில்தான் தெரிய வேண்டும். காபி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு குடித்தார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பூனையைத் தொடாத உங்களுக்கு, மேனேஜர் பிறப்பதற்கு முன்னால், இது எங்கிருந்து வந்தது? யோசித்துச் சொல்லுங்கள். புகார்க் கோப்பை முடித்து எழுத வேண்டும்.

சந்தோஷத்தில் என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை.

உங்கள்
ஊசி

*

ஜூன் 29

என் அருமை ஊசிக்கு,

இதுதான் உனக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம். பதறாதே. காரணம் பின்னால் வருகிறது.

உன் அண்ணன் வந்தபோது நான் பண்ணையில் தொட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். கேட்டருகே நின்றார். கையில் உறை. முகம் பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி. "என்னங்க?" என்றேன். "தெரியாது. உன் நாத்தனார் சொல்லல" என்றார். "நீங்க கேக்கலையா?" "கேட்டேன். காபி வாங்கிக் கொடுத்தா." அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. மண் கையோடு உறையைப் பிரித்தேன். இன்னும் அந்தத் தாளில் என் கட்டைவிரல் இருக்கிறது.

முதல் வரியைப் படித்துவிட்டு எருக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன். நான் அழுவதைப் பார்த்து உன் அண்ணன் என்னவோ ஆகிவிட்டது என்று அவரும் அழ ஆரம்பித்துவிட்டார். "அய்யோ, நல்ல சேதிங்க!" என்று கத்தி, தாளை அவர் கையில் திணித்தேன். ரோஜா நாற்று வாங்க வந்திருந்த அம்மாள் ஒருவர், "நான் அப்புறமா வரேன்" என்று நழுவிவிட்டார்.

டாக்டரம்மா உங்கள் ஆய்வகத் தாளையும் என் பழைய தாளையும் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை பார்த்தார். பிறகு, "ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். போய் நல்லாச் சாப்பிடுங்க" என்றார். ஒரு மாதமாக என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அங்கேயே இறங்கிப் போயிற்று. வீட்டுக்கு வந்து மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

இப்போது உன் சந்தேகத்துக்கு வருகிறேன். இதை உன் அண்ணனுக்குக்கூட நேற்றுத்தான் சொன்னேன். நான் மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். ஆமாம். புதிதாக மண் லோடு வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து நுனிநாக்கில் வைப்பேன். உப்பு மண்ணா, புளித்த மண்ணா என்று உடனே தெரிந்துவிடும், துப்பிவிடுவேன். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, பதினான்கு வருடமாகச் செய்கிறேன். காகிதத்தை மண் கரைத்த நீரில் நனைத்துப் பார்க்கிற சோதனை எல்லாம் இருக்கிறது, எனக்கு நாக்குத்தான் நம்பிக்கை. அந்த மண் குவியலில் ஊர்ப்பட்ட தெருப் பூனையும் என்னென்ன செய்துவிட்டுப் போகும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நிழல் பட்டால் குளிப்பேன், மண்ணைத் தின்பேன். உன் கோப்பில் இதையும் எழுதிக்கொள். வேண்டுமானால் அந்தக் கம்பெனிக்கு நானே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தருகிறேன்.

இனி நாக்கில் வைக்கவில்லை. வைக்கட்டுமா என்று உன் அண்ணனைக் கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் மேனேஜர் தோற்றுப்போவான்.

மேனேஜர் வந்துவிட்டான். நானே பட்டறைக்குப் போய்க் கூட்டி வந்தேன். மரத்தூள் மூட்டை மேல் படுத்திருந்தவன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோபம் நியாயம்தானே. "வாங்க சார், வீட்டுக்குப் போலாம்" என்றேன். உன் அண்ணன் உளியைக் கீழே வைத்துவிட்டு, "யாரைச் சொல்ற, என்னையா அவனையா?" என்றார். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறான். அவன் கழிக்கிற மண் தட்டை உன் அண்ணன்தான் சுத்தம் செய்கிறார். அதில் மாற்றமில்லை.

ஊசி, ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதத்தான் ஐந்து நாள் ஆயிற்று.

முன்பு இரண்டு முறை போனபோது, யார் மேலும் தப்பில்லை, இப்படி நடப்பதுண்டு என்றார்கள். யார் மேலும் தப்பில்லை என்றால் பிறகு யாரைத் திட்டுவது? என்னைத்தான் திட்டிக்கொண்டேன். எதைத் தூக்கினேன், எதைத் தின்றேன், எங்கே தடுக்கி விழுந்தேன் என்று நான்கு வருடம் என்னையே விசாரித்துக்கொண்டிருந்தேன். அது உனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை அந்தத் தாள் வந்ததும் ஒரு பூனை கிடைத்தது. பூனையைக் கொண்டுவந்த நீ கிடைத்தாய். உன்னைத் திட்டியபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? என்னை விட்டுவிட்டு வேறு யாரையாவது திட்ட முடிந்ததே என்று இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. நீயோ நான் திட்டியதைக் கேட்டுக்கொண்டு, என் விஷயத்தில் நீ செய்த தப்பையும் தேடிப் பிடித்து எழுதினாய். மறைத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? நீ கேட்ட மன்னிப்பு இப்போது என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொள். நான் கேட்பதை நீ கொடுத்தால் சரியாகிவிடும்.

இனிமேல் எழுத மாட்டேன் என்றதன் காரணம் இதுதான். குரல் கேட்கக் கூடாது என்று சொன்னவளே அந்தத் தடையை எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உனக்குப் போன் வரும். நான் எதுவும் பேச மாட்டேன், பேசினால் அழுதுவிடுவேன். முதலில் நீ பேசு. என்ன வேண்டுமானாலும் பேசு, யூரியாவைப் பற்றிக்கூடப் பேசு. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன்
அண்ணி